சார்ஜா நாலு மணி நேரம்தான், தாராபுரம்?

தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். விடிகாலை ஆறு மணிக்குப் பெரியவர் கண்மூடிவிட்டார். ஏழு மணிக்குள் வாசலில் பந்தல் போட ஆள் வந்தாயிற்று. காங்கேயத்துக்கும் பழனிக்கும் கரூருக்கும் போன் போயாயிற்று. மூத்த மகன் சார்ஜாவில் எலக்ட்ரீசியன். கொள்ளி வைக்க வேண்டியவர் அவர்தான். அவர் வரும்வரை வைத்திருப்பதா, மாலைக்குள் எடுத்துவிடுவதா என்பதைப் பொறுத்துத்தான் பிரீசர் பெட்டி சொல்ல வேண்டும், சமையலுக்குச் சொல்ல வேண்டும், கோடி கொண்டு வருகிறவர்களுக்கு நேரம் சொல்ல வேண்டும்.

"ஏனப்பா, சார்ஜாவுல இருந்து கோயமுத்தூருக்குப் பிளேனு எத்தன நேரமாவும்?" என்று மாமன் கேட்கிறார்.

"நாலு மணி நேரமுங் மாமா."

"நாலு மணி நேரந்தான? அப்பறம் என்னத்துக்கு நாளைக்குக் காலைலங்கறே?"

கையில் செல்போன் வைத்திருக்கும் இளவட்டத்தால் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. போனில் தட்டினால் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் வருகிறது, பறக்கும் நேரம் வருகிறது. வீட்டு வாசலுக்கு வந்து சேரும் நேரம் வருவதில்லை. கொங்கு நாட்டுக் கிராமங்களில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பிள்ளை வேலை பார்க்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கணக்கு ஒருநாள் தேவைப்படும். அன்றைக்கு உட்கார்ந்து கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

ரயில் இல்லாத ஊர்

அமராவதிக் கரையில் இருக்கும் தாராபுரம் நாலா பக்கமும் சாலை பிரியும் ஊர். வடக்கே காங்கேயம், ஈரோடு. வடமேற்கே பல்லடம், கோவை. தெற்கே ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை. கிழக்கே மூலனூர், கரூர், திருச்சி. மேற்கே உடுமலை, பொள்ளாச்சி. எங்கே போவதென்றாலும் இங்கே வந்து பஸ் மாறலாம். ஆனால் ரயில் கிடையாது. ஈரோட்டில் இருந்து காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனிக்குப் பாதை போடச் சொல்லி இரண்டு மூன்று தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிரிந்தபோது ஈரோடு மாவட்டத்தில் இருந்த தாராபுரம் அதில் சேர்ந்தது. மாவட்டம் மாறியது, ரயில் வரவில்லை.

அதனால் தாராபுரத்துக்காரருக்கு விமானப் பயணம் காரில் தொடங்கிக் காரில்தான் முடிகிறது. கோவை விமான நிலையம் சாலை வழியாகச் சுமார் 80 கி.மீ. குண்டடம் தாண்டும்போது இரண்டு பக்கமும் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் ஆடிக்காற்றுக்காக நிறுத்தியவை. பிறகு பல்லடத்தின் விசைத்தறிச் சத்தம், கறிக்கோழி லாரிகள். சூலூரில் விமானப்படைத் தளம். அதைத் தாண்டிச் சிங்காநல்லூர் பக்கம் நெரிசல் ஆரம்பித்துவிடும். கடைசியில் அவிநாசி சாலையை ஒட்டிய சித்ரா பகுதியில் விமான நிலையம். நள்ளிரவில் போனால் ஒன்றரை மணி நேரம், பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். 1940-லேயே விமானம் இறங்கத் தொடங்கிய இடம் இது. பன்னாட்டு விமான நிலையம் என்ற பெயர் 2012-இல்தான் கிடைத்தது.

மற்ற மூன்று பக்கமும் விமான நிலையங்கள் உண்டு. திருச்சி சுமார் 150 கி.மீ. மதுரை அதைவிடக் கொஞ்சம் குறைவு. சேலத்துக்கு வெளிநாட்டு விமானம் கிடையாது. மேற்கே கேரளத்தில் கொச்சி, அதாவது நெடும்பாசேரி, பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் வழியாக 220 கி.மீ.க்கு மேல். இவ்வளவு தூரத்தில் இருக்கும் கொச்சியை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று தோன்றும். அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

கயிற்றைப் பிடித்து அளந்தால்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே 'தூரம்' என்று போன் காட்டுவது உருண்டையான பூமியின் மேல் கயிறு பிடித்த தூரம். பள்ளிக்கூடத்தில் இருக்கும் உலக உருண்டையில் கோவையில் ஒரு விரலும் சார்ஜாவில் ஒரு விரலும் வைத்து நூலை இழுத்துப் பிடித்தால் எந்த வழியாக விழுகிறதோ அதுதான் மிகக் குறைந்த தூரம். சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது சரியாக வராது. உருண்டையைத் தட்டையாக்கும்போது வடக்குப் பக்கத்து நாடுகள் இழுபட்டுப் பெரிதாகிவிடுகின்றன.

கணக்கு கடினமில்லை. பூமியைச் சுற்றி 360 பாகை. ஒரு பாகை என்பது தரையில் சுமார் 111 கி.மீ. கோவைக்கும் சார்ஜாவுக்கும் இடையே நூல் விழும் வழியில் ஏறக்குறைய 25 பாகை இருக்கிறது. பெருக்கினால் 2,770 கி.மீ. ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. விமானிகள் இன்றைக்கும் இந்தக் கடல் மைலில்தான் கணக்கு வைக்கிறார்கள். டிக்கெட்டிலோ இணையத்திலோ 1,490 என்று ஒரு எண் தெரிந்தால் தூரம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது கடல் மைல்.

கோவையில் இருந்து அந்த நூல் வடமேற்காகப் போகிறது. ஊட்டி, வயநாடு மலைகளுக்கு மேலாகச் சென்று கேரளத்தின் வடகோடியில் கடலில் இறங்குகிறது. அதற்குப் பிறகு ஓமன் கரை வரை அரபிக்கடல் மட்டும்தான். விமானம் அப்படியே நூல் பிடித்தாற்போலப் போவதில்லை. ஆகாயத்தில் போடப்பட்ட வழித்தடங்கள் உண்டு, இறங்குகிற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வரிசையில் சேர வேண்டியதும் உண்டு. அதனால் உண்மையில் பறக்கிற தூரம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

பத்து, பதினொரு கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விட்டால் இந்த வகை விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ. அந்தக் கணக்கில் 2,770-ஐ வகுத்தால் மூன்றேகால் மணி நேரம் சொச்சம்தான் வரும். டிக்கெட்டில் நாலு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. அது தவிர, டிக்கெட்டில் இருப்பது சக்கரம் நகரத் தொடங்கியதில் இருந்து, அந்தப் பக்கம் போய்ச் சக்கரம் நிற்கிற வரைக்குமான நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானத்துக்காகக் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

இந்தக் கடல் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. சென்னிமலை பக்கத்துக் கொடுமணலில் மணி பட்டை தீட்டிய காலத்தில், காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பச்சைக்கல் கணவாய் வழியாக முசிறித் துறைமுகம் போய்க் கப்பல் ஏறியிருக்கிறது. செங்கடல் வாயிலில் இருந்து முசிறிக்குப் பருவக்காற்று கூடினால் 40 நாளில் வந்துவிடலாம் என்று ரோமானியரான பிளினி ஏறத்தாழ 1,950 ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு மேல் மாட்டு வண்டிப் பயணம். கரையில் இருந்து ஊருக்கு எத்தனை நாள் என்று அவர் எழுதவில்லை. அந்தக் காலத்திலும் துறைமுகத்தோடு கணக்கு நின்றுவிட்டது போலிருக்கிறது.

கீழே மேல்காற்று, மேலே கீழ்காற்று

போகும்போது ஆகும் நேரமும் வரும்போது ஆகும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. முதல் காரணம் கடிகாரம். சார்ஜாவின் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே காலை நாலரைக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போது அவர்கள் கடிகாரத்தில் ஏழு மணிகூட ஆகியிருக்காது. டிக்கெட்டைப் பார்த்தால் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும். அங்கே இரவு பத்துக்குக் கிளம்பினால் இங்கே இறங்கும்போது மூன்றரை, அதாவது ஐந்தரை மணி நேரம் பறந்த மாதிரி இருக்கும். இரண்டுமே கிட்டத்தட்ட நாலு மணி நேரப் பயணம்தான். சிங்கப்பூர் இதற்கு நேர் எதிர். அவர்கள் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள். விமான டிக்கெட்டில் கிளம்பும் நேரம் எப்போதும் கிளம்பும் ஊர்க் கடிகாரத்திலும், இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரத்திலும்தான் அச்சாகும். வரவேற்கக் கார் அனுப்புகிறவர்கள் இதில்தான் அதிகமாக ஏமாறுகிறார்கள். நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானத்துக்குத் தேதியும் மாறிவிடும். 14-ஆம் தேதி இரவு கிளம்புகிறவர் 15-ஆம் தேதி விடியலில் வருகிறார். 14-ஆம் தேதி விடியலில் போய் நின்றுவிட்டு வெறும் காரைத் திருப்பிக்கொண்டு வருவது நடக்கக்கூடியதுதான்.

இரண்டாவது காரணம் காற்று. தாராபுரம் விவசாயிக்கு ஆடிக்காற்றைப் பற்றி யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மேற்கே இருந்து வந்து வாழையைச் சாய்க்கும், காற்றாலையைச் சுற்ற வைக்கும். ஆனால் அதே ஆடியில், அதே ஊருக்கு நேர் மேலே பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிழக்கே இருந்து மேற்கே அடிக்கிறது. வலுவாக இருக்கும் இடத்தில் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் போகும் காற்றாறு அது. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை விஞ்ஞானி 1950-களில் இதை ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். விமானம் அந்த ஆற்றின் அடிப்பகுதியை ஒட்டிப் போகிறது. ஆகவே தென்மேற்குப் பருவ மாதங்களில் சார்ஜா போகிற விமானத்துக்கு முதுகில் காற்று, திரும்பி வரும் விமானத்துக்கு முகத்தில் காற்று. மார்கழி, தை மாதங்களில் தலைகீழ். அப்போது வளைகுடாப் பக்கத்து ஆகாயத்தில் மேல்காற்று பலமாக இருக்கும், வருகிற விமானம் சற்றுச் சீக்கிரம் வந்துவிடும். இதனால் கூடுவதும் குறைவதும் கால்மணி, அரைமணி நேரத்துக்குள்தான். ஆனாலும் குண்டடத்தில் காற்றாலை வேகமாகச் சுற்றும் நாளில் மேலே போகும் விமானத்தையும் அந்தக் காற்றே எதிர்த்துத் தள்ளும் என்று நினைத்தால் தப்பு.

எந்த விமானம் அடுத்தது?

இனி மாமனின் கேள்வி. பறப்பது நாலு மணி நேரம். அதற்கு முன் விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். இறங்கியபின் குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் என்று ஒரு மணி நேரம். தாராபுரத்துக்குக் காரில் இரண்டு மணி நேரம், கிராமத்துக்கு இன்னும் கொஞ்சம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே பத்து மணி நேரம். இதில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. வேலை செய்யும் இடத்தில் சொல்லி, லீவு வாங்கி, பாஸ்போர்ட்டை எடுத்து, டிக்கெட் போட்டு, அறையில் இருந்து கிளம்ப ஆகும் நேரம். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். இருந்தாலும் அலுவலகப் பெட்டியில் கொடுத்து வைத்திருக்கிறவர்கள் உண்டு. அதைக் கையில் வாங்கி வைத்திருப்பது நல்லது. இதை இழவு நாளில் யோசிக்க முடியாது.

இந்தப் பத்து மணி நேரத்தோடு சேர வேண்டிய பெரிய எண், அடுத்த விமானத்துக்கான காத்திருப்பு. சார்ஜாவில் இருந்து கோவைக்கு ஏர் அரேபியா விமானம் வருகிறது. 2024 ஆகஸ்டில் அபுதாபியில் இருந்தும் இண்டிகோ விமானம் வரத் தொடங்கியது. கொச்சிக்கும் துபாய், சார்ஜா, அபுதாபிக்கும் இடையே பறப்பவற்றோடு ஒப்பிட்டால் இவை மிகச் சில. கோவைக்கு வரும் சார்ஜா விமானம் வழக்கமாக விடியலுக்கு முன் இறங்குகிறது (பருவத்துக்குப் பருவம் நேரமும் நாட்களும் மாறும், டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்). பெரியவர் கண்மூடியது ஆறு மணிக்கு. அன்றைய விமானம் அதற்குள் இறங்கிப் பயணிகள் வீடு போய்க்கொண்டிருப்பார்கள். அடுத்தது நாளை விடியலில். இளவட்டம் 'நாளைக்குக் காலைல' என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

கொச்சி இங்கேதான் வருகிறது. சார்ஜாவில் இருந்து கோவை 2,770 கி.மீ. என்றால் கொச்சியும் ஏறக்குறைய அதேதான். நூல் பிடித்துப் பார்த்தால் பத்து கிலோமீட்டர்கூட வித்தியாசம் வராது. திருச்சி 160 கி.மீ. கூடுதல், ஆகாயத்தில் அது கால்மணி நேரத்துக்கும் குறைவு. வித்தியாசமெல்லாம் தரையில்தான். கொச்சியில் இருந்து தாராபுரத்துக்குக் காரில் ஐந்து மணி நேரம் ஆகும். திருச்சியில் இருந்து மூன்று மணி நேரம்.

இரண்டு விதமாகப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு நடந்தது என்று வைத்துக்கொள்வோம். மகன் மத்தியானம் இரண்டு மணிக்கு சார்ஜாவில் கொச்சி விமானம் பிடித்தால் இரவு ஏழரைக்கு இறங்கி, ஊருக்கு வர நள்ளிரவு தாண்டிவிடும். கோவை விமானத்தில் வந்தால் காலை ஏழு, ஏழரைக்கு வாசலில் நிற்பார். ஆறு மணி நேரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் இரவில் எடுக்கப்போவதில்லை. கூடுதல் டிக்கெட் காசும், ராத்திரியில் பாலக்காட்டுச் சாலையில் காரும்தான் மிச்சம். இந்த வீட்டுக்குக் கோவையே சரி.

இதே சம்பவம் இரவு பத்து மணிக்கு நடந்திருந்தால் கணக்கு மாறுகிறது. அன்றைய கோவை விமானத்துக்கு அவர் போய்ச் சேர முடியாது. அடுத்ததற்குக் காத்திருந்தால் ஊருக்கு வர மறுநாளும் கழிந்து அதற்கடுத்த காலை ஆகிவிடும். அந்த இரவிலேயே, அங்குள்ள நேரப்படி மூன்று, நாலு மணிக்குக் கொச்சி விமானத்தில் இடம் கிடைத்தால் காலை ஒன்பது, ஒன்பதரைக்கு நெடும்பாசேரி. மத்தியானம் மூன்று, மூன்றரைக்குள் ஊர். பொழுது சாய்வதற்கு முன் முகம் பார்த்துவிடலாம். பக்கத்து விமான நிலையம் எது என்பதைவிட அடுத்த விமானம் எங்கே போகிறது என்பதுதான் முக்கியமாகிறது. சிங்கப்பூரில் பிள்ளை இருக்கும் வீடுகளுக்குக் கொச்சிக்குப் பதில் திருச்சி. கோவையில் இருந்து சிங்கப்பூர் 3,160 கி.மீ. திருச்சியில் இருந்து 2,980. சிங்கப்பூர் விமானங்களும் திருச்சிக்குத்தான் அதிகம்.

அங்கே ஒருவர் இறந்து இங்கே கொண்டு வரவேண்டிய நிலை வந்தால், அப்போது நாலு மணி நேரம் என்ற எண்ணுக்கே பொருள் இல்லை. மருத்துவமனைச் சான்று, காவல்துறை, இந்தியத் துணைத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று, உடலைப் பதப்படுத்தும் வேலை என்று நாட்கணக்காகும். சார்ஜாவுக்கு துபாயில் இருக்கும் துணைத் தூதரகம்தான். தமிழக அரசிலும் அயலகத் தமிழர் நலனுக்கென்று தனித் துறை இருக்கிறது, ஊரில் இருப்பவர்கள் அங்கே மனுக் கொடுக்கலாம்.

அதே விமானத்தின் வயிற்றில்

காரியம் முடிந்து மகன் திரும்பிப் போகும் விமானத்தில் அவருக்குத் தெரியாமல் ஊர்க்காரர் ஒருவரும் கூடவே போகலாம்: முருங்கைக்காய். மூலனூர், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்துச் செடிமுருங்கை, மரமுருங்கை, கரும்பு முருங்கை மூன்றும் சந்தைக்கு வருகின்றன. கோவை விமான நிலையச் சரக்கில் காய்கறியும் பழமும் பூவும் உண்டு. அவை தனிச் சரக்கு விமானத்தில் போவதில்லை. பயணிகள் உட்காரும் தளத்துக்குக் கீழே, பெட்டிகளோடு போகின்றன.

முருங்கைக்கும் மாமனின் கணக்குத்தான். காலையில் பறித்த காய் வெயில் ஏறுவதற்குள் நிழலுக்குப் போக வேண்டும். தரம் பிரித்து, ஒரே நீளத்துக்கு அடுக்கி, அட்டைப்பெட்டியில் கட்டி, தாவர நலச் சான்று வாங்கி, சுங்கம் முடித்து, விமானம் கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே சரக்குக் கொட்டகையில் ஒப்படைத்தாக வேண்டும். ஆகாயத்தில் நாலு மணி நேரம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். காய் வாடுவது அதற்கு முன்பு, களத்துமேட்டிலும் லாரியிலும் கொட்டகை வாசலிலும்தான்.

கட்டணத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விமானச் சரக்கில் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, இடத்துக்கும் வாங்குகிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் வருவது 'கன அளவு எடை'. நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 90 செ.மீ. நீளம், 30 அகலம், 25 உயரம் உள்ள பெட்டிக்கு 11.25 கிலோ வருகிறது. அதற்குள் 9 கிலோ காயை நெகிழ்வாக அடுக்கினால் இரண்டேகால் கிலோ காற்றுக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறோம். நீளமான, வளைந்த காயால் பெட்டி நிறையும், எடை நிறையாது. நேரான காயை ஏற்றுமதி வியாபாரி தேடித் தேடி எடுப்பதற்கு அழகு மட்டும் காரணமல்ல.

கோவையில் இருந்து வெளிநாடு போவது பெரும்பாலும் நடுவில் ஒரே நடைபாதை உள்ள சின்ன விமானம். பயணிகளும் பெட்டிகளும் நிறைந்துவிட்டால் சரக்கைக் குறைத்துக்கொள்வார்கள், பெட்டி அடுத்த விமானத்துக்குத் தள்ளிப்போகும். காய்க்கு அது ஒரு நாள் ஆயுள் குறைவு. இப்போதுள்ள ஓடுபாதை 2,990 மீட்டர். அதை நீட்டவும், பெரிய விமானங்களுக்கு இடம் செய்யவும் 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் வேலை பதினைந்து ஆண்டுக்கு மேலாக இழுத்தது. வீட்டையும் தோட்டத்தையும் கொடுத்தவர்கள், கொடுக்கலாமா விற்கலாமா என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் எல்லாம் அந்த 600 ஏக்கருக்குள் இருக்கிறார்கள். ஓடுபாதை நீண்டால் முருங்கைக்கு இடம் கிடைக்கும் என்று பேசும்போது அவர்களையும் நினைக்க வேண்டியிருக்கிறது. அதுவரை அதிகச் சரக்கு கொச்சிக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோதான் லாரி ஏறும்.

சின்ன விவசாயி தனியாக இதில் இறங்குவது சிரமம். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், அபேடா பதிவு, ஒவ்வொரு முறையும் தாவர நலச் சான்று என்று பல வேலைகள். பத்துப் பேர், நூறு பேர் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் செய்யலாம். இல்லையென்றால் ஏற்கெனவே அனுப்புகிற வியாபாரிக்குத் தரம் பிரித்துக் கொடுத்து, அந்தத் தரத்துக்கான விலையைக் கேட்டு வாங்குவது மேல்.

அம்மா கட்டிய பை

மகன் கிளம்பும் நாள். அம்மா பை கட்டுகிறார். நாட்டுச் சர்க்கரை, மஞ்சள் தூள், பருப்புப் பொடி, நாலு முருங்கைக்காய், நிலக்கடலை. அதோடு காங்கேயத்தில் இருந்து அத்தை கொண்டு வந்த கொப்பரை, குழம்புக்கு அரைக்கக் கசகசா.

கடைசி இரண்டையும் வெளியே எடுத்துவிட வேண்டும். கொப்பரையில் எண்ணெய் அதிகம். அடைத்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று உலக அளவில் பட்டியலில் இருக்கிறது. காங்கேயத்துக் களத்தில் வெயிலில் காய்வதைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். விமானத்தில் கைப்பையிலும் கூடாது, ஏற்றிவிடும் பெட்டியிலும் கூடாது. சோதனையில் பிடித்தால் எடுத்துப் போட்டுவிடுவார்கள், அதோடு போயிற்று. கசகசா அப்படியல்ல. ஐக்கிய அரபு நாடுகளில் அது போதைப்பொருள் கணக்கில் சேரும். தெரியாமல் கொண்டு வந்தேன் என்று சொன்னாலும் விடமாட்டார்கள், சிறைக்குப் போகும் அளவுக்குக் குற்றம். குருமா மசாலாவில் கலந்து அரைத்துக் கொடுத்தாலும் அதே கதைதான். டிரமடால், கோடீன் போன்றவை கலந்த வலி மாத்திரை, இருமல் மருந்துகளும் அந்த நாட்டு அனுமதி இல்லாமல் கொண்டு போகக் கூடாது. அப்பாவுக்கு வாங்கி மிச்சமான மாத்திரையை "அங்க ஒடம்பு வலிச்சா போட்டுக்க" என்று யாராவது பைக்குள் வைத்திருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

விடியலுக்கு முன் கிளம்பும் விமானத்துக்கு இரவு பதினொன்றரைக்குத் தாராபுரத்தில் கார் எடுக்க வேண்டும். ஒரு மணிக்கு விமான நிலைய வாசல். டிக்கெட் இல்லாதவர்கள் வாசலோடு சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போக முடியாது. கூட வந்தவர்கள் பல்லடத்தில் டீ குடித்துவிட்டு வீடு திரும்பும்போது மணி நாலை நெருங்கும். மகன் அப்போதுதான் விமானத்தில் ஏறிக்கொண்டிருப்பார்.

ஆறு மணிக்கு மாடு கறந்து, பாலைச் சொசைட்டியில் ஊற்றி, வரும் வழியில் முருங்கை மரத்தடியில் கிடக்கும் கிளையை இழுத்துப் போட்டுவிட்டு வந்தால் எட்டரைக்குப் போன் அடிக்கும்.

"எறங்கிட்டேம்மா. இங்க மணி ஏழு."